நிலக்கடலைக்கு ஒரு சமையல் ஏடு



சமையல் நூல் என்றவுடன், "அது பட்டணத்தில் வாழ்வோர்க்கு உரியது, நமக்கு எதற்கு?" என்று நம்மில் பலர் கூறிவிடுகின்றோம். அக்கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரும்பாலான சமையல் நூல்கள் ஒரு பட்டியலுடன் தொடங்குகின்றன. இன்ன பொருள் இவ்வளவு, இன்ன பொருள் இவ்வளவு என்று பத்துப் பன்னிரண்டு பொருள்களைக் கூறி, அவற்றை எல்லாம் வாங்கி வந்த பிறகே அடுப்பை மூட்டச் சொல்கின்றன. கையில் காசும் அருகில் கடையும் உடையவர்க்கு அந்நூல்கள் பயன்படும். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறொரு வகை நூல். அவ்வகை நூல் ஒரே ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொள்கிறது. வீட்டிலோ கொல்லையிலோ அப்பொருள் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதனைக் கொண்டு இன்றைக்கு என்ன சமைக்கலாம், நாளைக்கு என்ன சமைக்கலாம் என்று கூறிச் செல்கிறது.

ஒரே பொருளை நூறு விதமாகச் சமைத்துத் தின்ன யாருக்குத் தேவை ஏற்படும்? அப்பொருள் மிகுதியாகவும் ஏனையவை அரிதாகவும் உள்ள வீட்டுக்குத்தான் ஏற்படும். ஆகையால் இத்தகைய நூல்களில் பல பஞ்சத்திலும் போரிலும் பிறந்தவை. பிரெஞ்சுப் புரட்சியின் கொடிய பஞ்ச நாள்களில், 1795ஆம் ஆண்டையொட்டி, பாரிஸ் நகரில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. மெரிகோ அம்மையார் எழுதியதாகக் கருதப்படும் அந்நூலின் பெயரைத் தமிழில் 'குடியரசுச் சமையற்காரி' எனலாம். அது முழுவதும் உருளைக்கிழங்கு பற்றியது. ரொட்டிக்கு மாவு கிடைக்காத அந்நகர மக்கள், நெடுநாள் தாம் இகழ்ந்து வந்த கிழங்கைச் சமைக்கக் கற்க வேண்டியவர்களானார்கள். கிழங்கு கெடாமல் காக்கும் முறையையும் அந்நூல் கூறிற்று. இரண்டாம் உலகப் போரின்போது, கோதுமை ஏற்றி வந்த கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்ட வேளையில், பிரிட்டனின் உணவு அமைச்சும் இதையே செய்தது. உருளைக்கிழங்குக்குக் கையும் காலும் வைத்துப் படம் வரைந்து, 'பொட்டேட்டோ பீட்' என்று பெயரிட்டு, அவன் பெயரால் ஒரு சமையல் ஏட்டை மக்களிடையே பரப்பியது.

இவற்றினும் நம் வாழ்க்கைக்கு நெருங்கிய ஓர் ஏடு உண்டு. அது 1916இல், அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தில், நிலக்கடலை குறித்து வெளிவந்தது. நிலக்கடலையைப் பயிரிடும் முறையையும், மனிதர் உண்பதற்கு அதனைச் சமைக்கும் 105 வழிகளையும் கூறுவதாக அதன் தலைப்பே அறிவித்தது. எழுதியவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

கார்வர் அடிமைத் தாய் ஒருத்தியின் மகனாக, மிசூரி மாநிலத்தில், 1864ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். பல ஊர்களில் சலவை செய்தும் சமையல் வேலை பார்த்தும் படித்தார். அயோவா வேளாண் கல்லூரியில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் அவரே. 1896இல், டஸ்கீகி என்னும் ஊரில் கறுப்பின மக்களுக்காக நடைபெற்று வந்த கல்விக்கூடத்தின் தலைவர் பூக்கர் டி. வாஷிங்டன் அவரை வேளாண்மை ஆசிரியராக அழைத்தார். 1943இல் மறையும்வரை அங்கேயே பணிபுரிந்தார்.

அவர் அங்கு வந்து கண்ட காட்சி நமக்குப் புதிதன்று. நம் தோட்டங்களில் ரப்பர் மரங்கள் லயத்தின் ஓரம்வரை நிற்பது போல, அங்கே பருத்திச் செடிகள் குடிசை வாசல்வரை நின்றன. பருத்தியை உண்ண இயலாது. ரப்பர்ப் பாலையும் உண்ண இயலாது. நிலம் முதலாளிக்குச் சொந்தம். உழைப்பவர் வாரக் குடியானவர். விதை, மாவு, வெல்லப்பாகு, பன்றிக் கொழுப்பு ஆகிய எல்லாவற்றையும் கடையில் கடனாக எடுத்து, ஆண்டு இறுதியில் பருத்தி விற்ற பணத்தில் அடைக்க வேண்டும். தோட்டத்துக் கடையில் பெயருக்கு நேரே எழுதப்பட்ட கடனைச் சம்பள நாளில் கழித்துப் பார்த்த நம் முன்னோர்க்கு இது விளக்காமலே விளங்கியிருக்கும்.

ஆண்டுதோறும் பருத்தியே விளைந்தமையால் மண் சாரமற்றுப் போயிற்று. அதன்மேல், 1910ஆம் ஆண்டளவில் பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டும் மெக்சிகோ திசையிலிருந்து பரவி அலபாமாவை எட்டியது. கார்வர் கூறிய மருந்து எளியது. பயறு இனச் செடிகளை மாற்றுப் பயிராக நடுங்கள் என்றார். பயறு இனச் செடியின் வேரில் சிறு முடிச்சுகள் உள்ளன. அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கின்றன. இதே காரணத்திற்காகத்தான் நம் தோட்டங்களில் இளம் ரப்பர்க் கன்றுகளின் வரிசைகளுக்கு இடையே பயறு இனத்தைச் சேர்ந்த கொடிகளைத் தரை மூடப் படரவிடுகின்றனர். அக்கொடிகளை நாம் உண்பதில்லை. நிலக்கடலையோ மண்ணையும் ஊட்டுகிறது, நம்மையும் ஊட்டுகிறது. இந்நாட்டுச் சிறு தோட்டக்காரர்களும் மரம் நிழல் கட்டும்வரை வரிசைகளின் இடையே நிலக்கடலை, சோளம், அன்னாசி, வாழை முதலியவற்றை ஊடுபயிராக நட்டு வந்துள்ளனர்.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. பருத்திக்கு வாடிக்கையான சந்தை இருந்தது. பயறுக்கு அவ்வாறு இல்லை. விற்பனை ஆகாத விளைச்சலை என்ன செய்வது? உண்ணலாம். ஆனால் நாள்தோறும் ஒரே விதமாக எவரால் உண்ண இயலும்? சமையல் ஏடு தேவைப்பட்டது இந்த இடத்தில்தான்.

கார்வர் நிலக்கடலையோடு தொடங்கவில்லை என்பதைப் பலர் அறியார். அதற்கு முன்பே அவர் தட்டைப்பயறு பற்றி எழுதினார். நாம் காராமணி என்று கூறும் அதே பயறுதான். 1903இல் அதனைப் பற்றி ஒரு சிற்றேடும், 1908இல் அதனைச் சமைக்கும் முறை பற்றி மற்றொன்றும் வெளியிட்டார். 1910இல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, 1916இல் நிலக்கடலை, 1917இல் காடுகளில் தானாக விளைந்து வீணாகும் பிளம் பழம், 1918இல் தக்காளி என அவ்வரிசை நீண்டது. தக்காளிக்கு மட்டும் 115 வழிகள்! ஒவ்வோர் ஏட்டிலும் உழவர்க்குப் பயிரிடும் முறை, ஆசிரியர்க்கு அறிவியல் விளக்கம், குடும்ப மாதர்க்குச் சமையல் முறை என மூன்றும் இருக்க வேண்டும் என்பது அவர் வகுத்துக்கொண்ட நெறி. எழுத்தறியாதோர் மிகுந்த வட்டாரம் அது. ஆகவே 1906 முதல், கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டியொன்றில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றி ஊர் ஊராகச் சென்று செய்து காட்டும் பணியையும் டஸ்கீகி கல்விக்கூடம் நடத்தியது.

நிலக்கடலை ஏட்டைச் சற்றுப் புரட்டுவோம். முதலில் சூப்பு. கடலையை மென்மையாக வேகவைத்து, தோலை நீக்கி, நைய அரைத்து, கொதிக்கும் பாலில் இட்டு, மாவும் வெண்ணெயும் சேர்த்து, உப்பும் மிளகும் இடுகின்றனர். அடுத்து ரொட்டி வகைகள், பணியாரங்கள், மிட்டாய்கள். பொய்க்கோழி என்று ஒன்றும் உள்ளது. வறுக்காத கடலையை எண்ணெய் கசியும்வரை அரைத்து, முட்டை அடித்துச் சேர்த்து, வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு வில்லைகளின்மேல் கனமாகப் பூசி, முட்டையின் வெள்ளைக் கருவில் தோய்த்துப் பொன்னிறமாகப் பொரிக்கின்றனர். கோழி இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விருந்து! நம் தாய்மார்களுக்கு இது வாழைக்காய் பஜ்ஜியின் உறவினராகத் தோன்றக்கூடும்.

குறைகளையும் கூறிவிடுதல் முறை. 105 என்ற எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சூப்பு ஒன்று, சூப்பு இரண்டு, பிஸ்கட்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று சிறு மாற்றங்களும் தனித்தனியாக எண்ணப்பட்டுள்ளன. அவற்றுள் பல அவரே கண்டுபிடித்தவையும் அல்ல. இதழ்களிலும் பிற சமையல் நூல்களிலும் இருந்து எடுத்தவை. எங்கிருந்து எடுத்தார் என்பதை அவரே ஏட்டில் நன்றியுடன் குறிப்பிட்டுள்ளார். பிற்காலத்தில் மற்றவர்கள்தாம் அவரை மந்திரவாதி ஆக்கி, கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்றும் பரப்பிவிட்டனர். அது பிழை, 1884இலேயே கனடாவைச் சேர்ந்த ஒருவர் கடலைப் பசைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். மற்றொரு குறை நம் கண்ணுக்குப் பெரிதாகப் படுகிறது. பாலும் வெண்ணெயும் முட்டையும் வேண்டும் முறைகள் அந்த ஏட்டில் மிகுதி. கடனில் மாவு வாங்கும் குடியானவர் வீட்டில் வெண்ணெய் எங்கிருந்து வரும்? பசுவும் கோழியும் வளர்க்குமாறு கார்வர் வேறு ஏடுகளில் வற்புறுத்தினார் என்பது உண்மையே. எனினும், உப்பும் கடலையும் மட்டுமே உள்ள வீட்டுக்கு அந்த ஏட்டில் ஒரு சில பக்கங்களே பயன்பட்டிருக்கும்.

அப்படியாயின் இந்த ஏட்டை ஏன் பாராட்டுகின்றோம்? அக்காலத்தில் அப்பகுதியில் பெல்லாக்ரா என்னும் நோய் ஏழைகளை வாட்டியது. தோல் வெடிக்கும், வயிறு போகும், இறுதியில் அறிவும் கலங்கும். அது தொற்றுநோய் என்றே பலர் எண்ணினர். 1914 முதல் அதனை ஆராய்ந்த மருத்துவர் ஜோசப் கோல்ட்பெர்கர், மக்காச்சோள மாவு, வெல்லப்பாகு, பன்றிக் கொழுப்பு ஆகியவற்றையே மாறி மாறி உண்பதால் வரும் குறை அது என்று நிலைநாட்டினார். குறைந்திருந்த சத்து நையாசின் என்பது 1937இல் தெரியவந்தது. அச்சத்து நிலக்கடலையில் நிறைந்துள்ளது. 1916இல் கார்வருக்கு அப்பெயர் தெரிந்திருக்க வழியில்லை. இறைச்சி வாங்க இயலாதவர்க்கு இறைச்சிக்கு ஈடான ஊட்டம் என்ற அளவிலேயே அவர் எழுதினார். ஆயினும் அவர் சுட்டிய உணவு சரியான உணவாக அமைந்தது.

இதற்கு இணையான வரலாறு ஒன்று நம் மலாயா மண்ணிலேயே உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி நோய் இங்கு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஆனால் தமிழ்த் தொழிலாளரிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தீட்டிய சயாம் பச்சரிசியும் மற்றவர்க்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் அளித்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. நெல்லை அவிக்கும்போது உமியோடு ஒட்டிய தவிட்டின் சத்து அரிசியினுள் இறங்கிவிடுகிறது. எந்தச் சமையல் நூலையும் படிக்காமல், தாயிடம் மகள் கற்று வந்த ஒரு பழக்கம் அம்மக்களைக் காத்தது. ஒரு பொருளைப் பக்குவம் செய்யும் முறை உயிர்ப் பிரச்சினை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மீண்டும் அலபாமாவுக்குச் செல்வோம். கார்வரின் ஏடு சென்று சேர்ந்த வீடுகள் அனைத்திலும் நிலக்கடலை விளைந்துவிடவில்லை. சொந்த நிலமுடையோர் பயிரை மாற்றினர். அலபாமாவின் எண்டர்பிரைஸ் என்னும் ஊர், பருத்தியை விட்டுக் கடலைக்கு மாறி வளம் பெற்றமையால், அம்மாற்றத்துக்குக் காரணமான கூன்வண்டுக்கு 1919இல் ஒரு நினைவுச் சின்னமே எழுப்பியது. பூச்சிக்கு நினைவுச் சின்னம் வைத்த ஊர் அது! ஆனால் வாரக் குடியானவரோ எதை நடுவது என்று தாமே முடிவு செய்ய இயலாதவர். வாசல்வரை பருத்திதான் நிற்க வேண்டும் என்று நிலக்காரர் கூறினால், கடலையை எங்கே ஊன்றுவது? சமையல் ஏடு எவ்வளவு நன்றாக இருப்பினும், அதற்கு ஒரு பாத்தி நிலம் வேண்டும். போருக்கு முற்பட்ட மலாயாவின் தொழிலாளர் சட்டம், குடும்பமுடைய தோட்டத் தொழிலாளர் ஒருவருக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் காய்கறி பயிரிட ஒதுக்கப்பட வேண்டும் என்று கூறியது சிறிய செய்தியன்று. அச்சட்டம் எழுத்தில் இருந்த அளவுக்கு எல்லாத் தோட்டங்களிலும் நடைமுறையில் இருந்ததா என்பதை, அக்காலத்தில் கொல்லை போட்டவர்களின் பிள்ளைகளே நன்கறிவர்.

நிலக்கடலை நமக்கு அந்நியப் பொருளும் அல்ல. தென்னமெரிக்காவில் பிறந்து உலகெங்கும் பரவிய அச்செடி, நம் முன்னோரில் பலர் கப்பலேறிய தென்னார்க்காடு மாவட்டத்தில் முக்கியப் பணப்பயிராக விளங்கியது. அங்கே அதற்கு மணிலாக் கொட்டை என்று பெயர். இந்நாட்டில் கச்சாங் ஆயிற்று. ஈப்போவின் புந்தோங் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் வறுத்து விற்கும் கச்சாங் பூத்தே நாடறிந்தது. ஆயினும் நம் வீடுகளில் அது பொழுதுபோக்குத் தின்பண்டமாகவே நின்றுவிட்டது. சட்டியில் கறியாக ஏறுவது குறைவு. நிலக்கடலையின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு புரதம். பாதிக்குச் சற்றுக் குறைவு எண்ணெய். தீட்டிய அரிசியில் உள்ள புரதத்தைப் போல் இது மூன்று மடங்குக்கும் மேலாகும்.

ஒரே பொருளைப் பற்றிய நல்ல நூலுக்கு ஓர் அடையாளம் உண்டு. அது அப்பொருளின் சுவையோடு தீங்கையும் கூறும். மரவள்ளிக் கிழங்கைப் பற்றி எழுதுபவர், கசப்பு வகைக் கிழங்கில் நஞ்சு உண்டு என்பதையும், தோலைத் தடிப்பாகச் சீவி, துண்டாக்கி, நிறைய நீரில் மூடாமல் வேகவைத்து, அந்நீரைக் கொட்டிவிட வேண்டும் என்பதையும் கூறாவிட்டால், அவர் நூலை அடுப்பெரிக்கவே பயன்படுத்தலாம். நிலக்கடலையின் தீங்கு பூஞ்சணத்தில் உள்ளது. ஈரம் தங்கிய கடலையில் ஒருவகைப் பூஞ்சணம் வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். 1960இல் பிரிட்டனில் கடலைப் பிண்ணாக்கு உண்ட வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தபோதுதான் உலகம் அந்நஞ்சை அறிந்தது. ஆகவே கார்வரின் ஏட்டில் அதன் பெயர் இல்லை. நம் நாட்டில், 1988இல் பேராக் மாநிலத்தில் மீ வகை உணவு உண்ட 13 குழந்தைகள் இறந்தபோது, மருத்துவர்கள் அதே நஞ்சையே முக்கியக் காரணமாகக் கண்டனர். அது ஈரலைத் தாக்கும் நஞ்சு. நாள்பட உண்டால் ஈரல் புற்றுநோயும் வரும். வறுத்தாலும் வேகவைத்தாலும் அந்நஞ்சு முற்றும் அழிவதில்லை. ஆதலால் சுருங்கிய கடலை, நிறம் மாறியது, பாசி படிந்தது, கசப்பது ஆகியவற்றைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும், கோழிக்கும் போடலாகாது. பறித்த கடலையை ஓட்டோடு நன்கு வெயிலில் காயவைத்து, குலுக்கினால் உள்ளே பருப்பு ஒலிக்கும் பதத்தில், ஈரமில்லாத தகரத்தில் இறுக மூடி வைத்தல் வேண்டும். மழை மாதங்களில் சிறிது சிறிதாக வாங்குவதே நன்று. கடலை ஒவ்வாத குழந்தைகளும் உண்டு. முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வெண்ணெயும் பாலும் வேண்டாத ஒரு முறையை இங்கே தருகின்றோம். ஐந்து பேருக்கு 200 கிராம் பச்சை நிலக்கடலைப் பருப்பு போதும். இரவில் ஊறவைத்து, காலையில் நீரை மாற்றி, உப்பிட்டு, விரலால் நசுக்கினால் மசியும்வரை வேகவைக்கவும். அரை மூடித் தேங்காய்த் துருவல், காய்ந்த மிளகாய் நான்கு, சீரகம் ஒரு சிறு கரண்டி ஆகியவற்றை அம்மியில் ஒன்றிரண்டாக அரைத்துக்கொள்ளவும். வாணலியில் சிறிது எண்ணெய் விட்டு, கடுகு தாளித்து, சின்ன வெங்காயம் பத்தை வதக்கி, ஆய்ந்த முருங்கைக்கீரை நான்கு கைப்பிடி போட்டுப் புரட்டவும். கீரை சுருண்டதும் வெந்த கடலையையும் அரைத்ததையும் சேர்த்து, கடலை வெந்த நீரில் ஓர் அகப்பை தெளித்து, ஐந்து நிமிடம் மூடி வைத்து இறக்கவும். சோற்றுடன் உண்ணலாம். விடியற்காலையில் பால் வெட்டச் செல்வோர், அவித்த மரவள்ளிக் கிழங்குடன் இதனைத் தூக்குச் சட்டியில் கொண்டு செல்லலாம்.